பால் பல் போன இடத்துக்கு ஒரு கம்பி வளையம்: எட்டு மாத அனுபவம்

மகளுக்கு 7 வயது. கீழே இடது பக்கம் இரண்டாவது பால் கடைவாய்ப் பல்லைச் சொத்தை தின்றுவிட்டது. பிடுங்கிய இடத்தில் "பால் பல்தானே, தானா முளைக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே அடுத்த பல் முளைக்க 11, 12 வயதாகும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ராமநாதபுரத்தில் ஒரு குழந்தைகள் பல் மருத்துவரிடம் போனோம். எக்ஸ்ரேயில் ஈறுக்குள் படுத்திருக்கும் பல்லைக் காட்டினார். அதற்குள் பின்னாலிருந்த ஆறு வயதுப் பல் (அந்த வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல்) காலி இடத்தை நோக்கிச் சாயத் தொடங்கியிருந்தது. விட்டால் உள்ளே இருப்பதற்கு வழியே இருக்காதாம். காலி இடத்தைக் காக்கும் கம்பி வளையம், அதாவது ஸ்பேஸ் மெயின்டெய்னர், போடச் சொன்னார். மண்டபம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிறோமே, அதே வேலைதான்.

"விழுற பல்லுக்குப் போயி காசைக் கொட்டுறியேத்தா" என்றார் மாமியார். கொட்டியது 2,800 ரூபாய்.

மூன்று நடை. முதல் நாள் பல்லுக்கிடையில் நீல நிறத்தில் பொடி ரப்பர் வளையம் வைத்தார்கள். இரண்டு நாள் சோறு மெல்லவே அழுதாள். அடுத்த வாரம் அளவெடுப்பு. ரோஸ் நிற மாவுத் தட்டை வாய்க்குள் வைத்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது நடையில் சிமென்ட் வைத்து ஒட்டியது ஐந்தே நிமிடம், ஊசி கிடையாது. ஆனால் சனிக்கிழமை டோக்கன் வாங்கிவிட்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததை மறக்க முடியாது.

பார்க்க எளிமையான சாமான். ஆறு வயதுப் பல்லைச் சுற்றி ஒரு எவர்சில்வர் பட்டை. அதிலிருந்து புறப்படும் கம்பி வளையம் காலி இடத்தைத் தாண்டி அதற்கு முன்னாலிருக்கும் பால் பல்லில் போய் முட்டி நிற்கிறது. நாலைந்து நாளில் பழகிவிட்டாள். வளையத்துக்கு அடியில் நெத்திலி முள் மாட்டும். தினமும் இரவு டார்ச் அடித்துப் பார்த்துத் துலக்கிவிடுவது என் வேலை.

ஒட்டும் தின்பண்டம் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஐந்தாம் மாதம் கொழுந்தனார் கீழக்கரையிலிருந்து தொதல் வாங்கி வந்தார். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கிண்டி இறக்கிய அந்த இனிப்பு எப்படி இழுக்கும் என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். பாதித் துண்டைக் கையில் நீட்டி, "அம்மா, கம்பி இதுல இருக்கு" என்று வந்து நின்றாள். நல்லவேளை, விழுங்கவில்லை. கழுவி டப்பாவில் போட்டு மறுநாளே ஓடினோம். கம்பி வளையவில்லை, பட்டைக்கடியில் சொத்தையும் இல்லை. 300 ரூபாய்க்கு மறுபடி ஒட்டிக் கொடுத்தார்கள்.

சாமானில் எனக்குக் குறையில்லை. ஆனால் போட்டதோடு முடியவில்லை. சில மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், கம்பி சாய்ந்திருக்கும் பால் பல்லும் ஒருநாள் விழும், அப்போது வேறு ஏற்பாடு, வேறு செலவு. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் முன்பல் சீக்கிரம் விழுந்த என் தங்கை மகனையும் அதே மருத்துவரிடம் காட்டினோம். இவனுக்கு இது தேவையில்லை என்று ஒரு பைசா வாங்காமல் அனுப்பினார். அதனால்தான் இன்னும் அங்கேயே போகிறோம்.