கனடா குடியுரிமைக்காக ஆறு வருடம் எழுதிய பயணக் கணக்கு: என் அனுபவம்

2018 ஜூன் 10-ஆம் தேதி பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) விசாவோடு கனடாவில் வந்து இறங்கினேன். முதல் வாரம் வீடு பார்க்க உதவிய நண்பர் ஒருவர், வங்கிக் கணக்கு, சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் தேவையான அடையாள எண்) என்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியாக ஒன்று சொன்னார்: "நாட்டை விட்டு வெளிய போனா, அன்னைக்கே தேதியை எழுதி வச்சிருங்க. குடியுரிமைக்குப் போடும்போது உக்காந்து தேடக் கூடாது." அந்த ஒரு பேச்சுக்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று தொடங்கிய பதிவை ஆறு வருடத்துக்கு மேலாக விடாமல் வைத்திருக்கிறேன். எது உதவியது, எது கைவிட்டது, எங்கே தவறினேன் என்று சொன்னால் இப்போது பி.ஆர். வாங்கியிருப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் விதி. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் தேதிக்கு முந்தைய ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவுக்குள் உடலோடு இருந்திருக்க வேண்டும். 2017 அக்டோபரில் வந்த மாற்றம் இது. அதற்கு முன் ஆறு வருடத்தில் நான்கு வருடம் இருக்க வேண்டியிருந்தது. பி.ஆர். ஆவதற்கு முன் படிக்கவோ வேலைக்கோ சட்டப்படி வந்து தங்கியவர்களுக்கு, அந்த நாட்கள் ஒவ்வொன்றும் அரை நாளாகச் சேரும். அதிலும் மொத்தம் 365 நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அந்தச் சலுகை இல்லை. நேராக பி.ஆர். ஆக வந்ததால் ஜூன் 10-இலிருந்துதான் என் கணக்கு தொடங்கியது.

விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. புறப்பட்ட நாளும் திரும்பி வந்த நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே கணக்கில் வரும். மார்ச் 10 போய் மார்ச் 15 வந்தால், வெளியே இருந்தது நான்கு நாள்தான். இந்த நுணுக்கமே பின்னால் என்னை ஒரு பெரிய தவறில் தள்ளப் பார்த்தது.

முதல் எட்டு மாதம் ஒரு சின்ன நோட்டில் எழுதினேன். அப்புறம் எக்செல்லுக்கு மாறினேன். நெடுவரிசைகள் இவ்வளவுதான்: புறப்பட்ட தேதி, திரும்பிய தேதி, எங்கே, எதற்கு, விமான எண் அல்லது எல்லைப் பாலத்தின் பெயர், ஆதாரம், குறிப்பு. இதில் 'ஆதாரம்' என்ற கட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். போர்டிங் பாஸின் படமா, மின்னஞ்சலில் வந்த டிக்கெட்டா, பாஸ்போர்ட்டின் எந்தப் பக்கத்து முத்திரையா என்று அன்றே எழுதிவிடுவேன். படத்தின் பெயரையும் 2019-01-14 என்று வருடத்தில் தொடங்கும்படி வைத்தால், கோப்புகள் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும்.

நோட்டில் எழுதிய அந்த எட்டு மாதம்தான் எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது. ஒரு பயணத்துக்கு 10/09 என்று எழுதியிருந்தேன். நான் நாளை முதலில் எழுதிப் பழகியவன். ஆனால் வந்த புதிதில் அலுவலகத்தில் எல்லாரும் மாதத்தை முதலில் எழுதுவதைப் பார்த்து, அப்படியும் சில வரிகள் எழுதியிருக்கிறேன். அது செப்டம்பர் 10-ஆ, அக்டோபர் 9-ஆ? ஹோட்டல் பில் ஒன்று மின்னஞ்சலில் கிடைத்ததால் தப்பித்தேன். இப்போதெல்லாம் மாதத்தை எழுத்தால் எழுதுகிறேன், இல்லாவிட்டால் வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில்.

பாஸ்போர்ட் முத்திரைகளை நம்பி இருந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். கனடாவும் சரி, அமெரிக்காவும் சரி, நாட்டை விட்டு வெளியே போகும்போது முத்திரை குத்துவதில்லை. திரும்பி வரும்போதும் டொரன்டோ விமான நிலையத்தில் கியோஸ்க் இயந்திரத்தில் முகத்தைக் காட்டி, அது தரும் சீட்டை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறோம், பி.ஆர். அட்டை இருந்தால் பெரும்பாலும் பாஸ்போர்ட்டைத் திறப்பதுகூட இல்லை. சிங்கப்பூர் முத்திரை குத்துவதை விட்டு வருடங்கள் ஆகின்றன. ஹாங்காங் ஒரு சின்னச் சீட்டுதான் தருகிறது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளும் 2025 அக்டோபரிலிருந்து முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவுக்கு மாறத் தொடங்கிவிட்டன. இனி வருகிறவர்களின் பாஸ்போர்ட்டில் பாதிப் பயணம்கூடத் தெரியாது.

காகிதங்களும் நிலைக்காது. 2019-இல் வைத்த போர்டிங் பாஸ்களை 2021-இல் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். ஒன்றில் என் பெயரின் முதல் மூன்று எழுத்தும் விமான எண்ணும் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. தேதி இருந்த இடம் வெறும் வெள்ளை. விளக்குக்கு நேராகப் பிடித்தும் ஒன்றும் தெரியவில்லை. சூட்டில் எழுத்து வரும் காகிதம் அது, தானாகவே வெளுத்துவிடும். விமானத்தில் ஏறும் முன்பே படம் எடுத்துவிடுங்கள்.

இப்போது அந்தத் தவறுக்கு வருகிறேன்.

நான் இருப்பது நயாகரா பக்கம். வேலை விஷயமாக ஃபோர்ட் ஈரியிலிருந்து பீஸ் பிரிட்ஜ் என்ற எல்லைப் பாலம் வழியாக அமெரிக்காவின் பஃபலோவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பி வருவேன். 2020 மார்ச் 21-ஆம் தேதி எல்லையை அவசியமற்ற பயணத்துக்கு மூடும் வரை அப்படிப் பதினொரு முறை போயிருக்கிறேன். அன்றே திரும்பினாலும் நாட்டை விட்டுப் போனது போனதுதானே, அதனால் ஒவ்வொன்றையும் பதிவில் ஏற்றினேன். எக்செல்லில் நாள் கணக்குக்கு நான் போட்டிருந்த சூத்திரம்: திரும்பிய தேதியிலிருந்து புறப்பட்ட தேதியைக் கழித்து, அதிலிருந்து இன்னும் ஒன்றைக் கழிப்பது. மற்ற பயணங்களுக்கு அது சரியாக வந்தது.

2021 டிசம்பரில் கூட்டிப் பார்த்தபோது, 2022 ஜனவரி 3-ஆம் தேதி கையெழுத்துப் போட்டால் 1,100 நாள் என்று வந்தது. ஐந்து நாள் மிச்சம் இருக்கிறது என்று எனக்கு மகிழ்ச்சி. அன்று இரவே குடிவரவுத் துறையின் இணையக் கணிப்பானில் எல்லாப் பயணத்தையும் ஒவ்வொன்றாக ஏற்றினேன். முடிவில் அது காட்டியது 1,089. நான் எதையோ இரண்டு தடவை ஏற்றிவிட்டேன் என்று நினைத்து முழுவதையும் மறுபடி பார்த்தேன். அதே 1,089.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி திரையைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இந்த வரியில எல்லாம் ஏன் மைனஸ் ஒண்ணுன்னு இருக்கு?" என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது. போன நாளே திரும்பினால் தேதிகளின் வித்தியாசம் பூஜ்யம். அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் மைனஸ் ஒன்று. பஃபலோவுக்குப் போன பதினொரு வரியும் என் வெளிநாட்டு நாட்களிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைத் தின்றிருந்தன. 214 நாள் வெளியே இருந்த எனக்கு 203 என்று காட்டியிருக்கிறது. அந்தக் கணக்கை நம்பி ஜனவரி 3-ஆம் தேதி அனுப்பியிருந்தால் ஆறு நாள் குறைவாக விண்ணப்பித்திருப்பேன். நாள் குறைந்தால் விண்ணப்பம் செல்லாது. மாதக்கணக்கில் காத்திருந்தது வீணாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சூத்திரத்தில் 'பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது' என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன், சரியாகிவிட்டது. உங்களிடம் இப்படி ஒரு தாள் இருந்தால், ஒரே நாள் பயணத்தை ஒரு வரியில் ஏற்றி என்ன வருகிறது என்று இன்றே பாருங்கள். அதிகாரபூர்வக் கணிப்பானோடு ஒப்பிடாமல் சொந்தத் தாளை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். நான் அதற்கப்புறம் எங்கும் போகாமல் இருந்து, பிப்ரவரி 14-ஆம் தேதி 1,131 நாளோடு விண்ணப்பித்தேன். 36 நாள் கூடுதல். குறைந்தபட்சத்தைவிடச் சில நாள் அதிகம் வைத்து விண்ணப்பிக்கச் சொல்லித் துறையே அறிவுறுத்துகிறது. அந்தக் கூடுதல் நாட்கள் எதற்கு என்று கேட்டால், நடுராத்திரி விமானங்களுக்காக என்பேன்.

2019 ஜனவரியில் அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை. 14-ஆம் தேதி இரவு 11:40 விமானம். பனியால் இறக்கையைச் சுத்தம் செய்யவே நேரமாகி, தரையை விட்டுக் கிளம்பும்போது மணி ஒன்று பத்து, அதாவது 15-ஆம் தேதி. ஏப்ரல் 22 திரும்பினேன். 14 என்று வைத்தால் 97 நாள், 15 என்று வைத்தால் 96. ஒரு நாளுக்காக வாதாட எனக்கு மனமில்லை. எனக்குப் பாதகமான தேதியையே எழுதினேன், குறிப்புக் கட்டத்தில் காரணத்தையும் எழுதினேன். சந்தேகம் வரும் இடத்தில் எல்லாம் இப்படித்தான் செய்தேன். அந்த ஒரு பழக்கம் எனக்கு நிம்மதியான தூக்கத்தைத் தந்தது.

பயணங்களைத் தானாகப் பதியும் செயலிகள் இரண்டைப் பயன்படுத்திப் பார்த்தேன். ஒன்று ஒன்றரை வருடத்தில் சேவையையே நிறுத்திவிட்டது. இன்னொன்று, எல்லை ஓரத்தில் போன் அடுத்த நாட்டு டவரைப் பிடித்தாலே நான் நாட்டை விட்டுப் போய்விட்டதாகப் பதிந்தது. போனில் இருந்த இட வரலாறு, போன் மாற்றியபோது போய்விட்டது. எக்செல் தாளும் மின்னஞ்சலும்தான் ஆறு வருடமும் கூட வந்தன.

அரசிடமே எல்லாப் பதிவும் இருக்குமே, நாம் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, உண்மைதான். தரை வழியாக அமெரிக்காவுக்குள் நுழைவது கனடாவிலிருந்து வெளியேறியதாக இரு நாடுகளுக்கும் இடையே பகிரப்படுகிறது. விமானத்தில் வெளியேறுவோரின் விவரம் 2020 ஜூனிலிருந்து விமான நிறுவனங்களிடமிருந்து போகிறது. எல்லைச் சேவை முகமையிடம் நம்முடைய பயண வரலாற்றைத் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் கட்டணமில்லாமல் கேட்டு வாங்கலாம். நான் வாங்கினேன். ஆனால் விண்ணப்பத்தில் எழுதி, உண்மை என்று கையெழுத்துப் போடுவது நாம். அவர்கள் பதிவோடு நம்முடையதை ஒப்பிட அனுமதியும் அதே படிவத்தில் கேட்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் ஒன்று இருந்தால்தானே எது விட்டுப்போனது என்று தெரியும்?

நேர்காணல் வீடியோவில் நடந்தது. அதிகாரி பொறுமையானவர். பழையதும் புதியதுமாக இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கம் பக்கமாகக் கேமரா முன் புரட்டிக் காட்டச் சொன்னார். மூலை வெட்டிய பழைய பாஸ்போர்ட்டில் ஹங்கேரியின் நில எல்லை முத்திரை ஒன்று இருந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு கார் படம். "நீங்கள் பட்டியலில் ஜெர்மனி என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். தாளைத் திறந்தேன். குறிப்புக் கட்டத்தில் இருந்தது: 'திரும்பும் வழியில் சக ஊழியரோடு காரில் செர்பியா, ஹங்கேரி, ஆஸ்திரியா, 3 நாள்.' தேதியையும் காரணத்தையும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அந்தக் குறிப்பு இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அந்தப் பயணமே ஞாபகம் வந்திருக்காது. முக்கியமான நாட்டை மட்டும் எழுதாமல், வழியில் கால் வைத்த நாட்டையெல்லாம் எழுதுங்கள்.

மற்ற நாடுகளில் இருக்கும் உறவினர்களுக்கும் இதே தாளைத்தான் கொடுத்திருக்கிறேன், விதி மட்டும் வேறு. தங்கை இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே ஐந்து வருடத்தில் வெளியே இருந்தது 450 நாளைத் தாண்டக் கூடாது, கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் 90-ஐத் தாண்டக் கூடாது. அந்த ஐந்து வருடம் தொடங்கும் முதல் நாளில் அவள் அந்த நாட்டுக்குள் இருந்திருக்கவும் வேண்டும். அதற்காக அவள் தாளில் கடைசி வருடத்துக்குத் தனியாக ஒரு கூட்டல் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனருக்கு ஐந்து வருடத்தில் 913 நாள் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். அங்கே குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீண்ட பயணங்களைக் கேட்கிறார்கள். ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால் தொடர்ந்து வசித்ததே கேள்விக்குறியாகும் என்பதால், அவர் தாளில் 150 நாளைத் தொட்டாலே வரி சிவப்பாக மாறும்படி செய்து கொடுத்தேன்.

உறுதிமொழி எடுத்தபின் என் தாளை மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன். மனைவி எனக்குப் பின்னால் வந்தவள், அவளுடைய பி.ஆர். அட்டையைப் புதுப்பிக்கவே ஐந்து வருடத்தில் 730 நாள் காட்ட வேண்டும், அதற்கும் வெளியே போன தேதிகள் எல்லாம் வேண்டும். அவள் தன் அம்மாவைப் பார்க்கத் தனியாகப் போய் வருவதால் என் தேதிகள் அவளுக்கு ஒத்துவராது. அவளுக்கென்று தனித் தாள் திறந்தோம். போன மாதம் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதே போனில் புறப்பட்ட தேதியைப் போட்டுவிட்டு, போர்டிங் பாஸின் படத்தையும் எனக்கு அனுப்பியிருந்தாள். பதினேழாவது வரி.