140 மி.மீ. செடானா, 170 மி.மீ. செடானா?

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது காரின் அடியில் 'கரக்' என்று ஒரு சத்தம் வருமே, அதை ஒருமுறை கேட்டவர்களுக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. செடான் தேடுகிறவர் பெரும்பாலும் 140 மி.மீ. அளவில் தாழ்ந்த வண்டிக்கும் 170 மி.மீ. அளவில் சற்று உயர்ந்த வண்டிக்கும் நடுவேதான் தடுமாறுகிறார்.

ஓட்டும் சுகத்தில் தாழ்ந்ததுதான் மேல். எடை தரையை ஒட்டி இருப்பதால் வளைவில் அதிகம் சாயாது, லேன் மாறும்போது சொன்னபடி கேட்கும். உயர்ந்த வண்டியில் அதே நிதானம் வர சஸ்பென்ஷனை, அதாவது சக்கரங்களின் ஸ்பிரிங் அமைப்பை, இறுக்க வேண்டும். அப்போது சின்னக் குழிகூட முதுகுக்குத் தெரியும்.

ஆனால் பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து, டிக்கியில் பெட்டிகளையும் அடுக்கிவிட்டால் வண்டியின் பின்பக்கம் சில சென்டிமீட்டர் இறங்கிவிடும். அந்த நேரத்தில் கூடுதலாக உள்ள 30 மி.மீ. பெரிய விஷயம். விளம்பரத்தில் போட்டிருப்பது காலி வண்டியின் அளவா, சுமையோடு எடுத்த அளவா என்று கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம். இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. 150 மி.மீ. கிளியரன்ஸும் 2,450 மி.மீ. வீல்பேஸும் உள்ள கார் எந்த மேட்டைத் தாண்டுமோ, கிட்டத்தட்ட அதே மேட்டைத்தான் 165 மி.மீ., 2,700 மி.மீ. உள்ள காரும் தாண்டும். அந்த 15 மி.மீ. லாபத்தை வீல்பேஸின் நீளம் தின்றுவிடுகிறது.

தாழ்ந்ததை வாங்கி டயர் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். 185/65 ஆர்15 அளவு டயருக்குப் பதில் சற்றே பெரிய 195/65 ஆர்15 போட்டால் கிடைப்பது 6.5 மி.மீ. தான். ஸ்பீடோமீட்டரும் முன்பைவிட 2 சதவீதம் குறைத்துக் காட்டும். ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் ஸ்பேசர் செருகுவதை நான் சொல்லவே மாட்டேன். ஸ்பிரிங் இயல்பாக அமுங்க விடாமல் பயணத்தையே கரடுமுரடாக்கிவிடும்.

குடும்பத்தோடு, சுமையோடு அடிக்கடி போகிறவர்களுக்கு என் தேர்வு 170தான். பெரும்பாலும் தனியாக, நல்ல சாலையில் ஓட்டுகிறவர் 140-ஐத் தயங்காமல் எடுக்கலாம். ஒன்றை மட்டும் பழகிக்கொள்ளுங்கள்: வேகத்தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, ஏறும் நொடியில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பிரேக்கை அழுத்தியபடி ஏறினால் மூக்கு தாழ்ந்து முன் பம்பர்தான் முதலில் உரசும்.