வளர்த்த அணியா, வரவழைத்த அணியா?

2023 சீசன் முடிந்தபோது இந்தியானா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து (முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணிக்கு மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. வரலாறு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மேல்மட்டத்தில் அதைவிட அதிக ஆட்டங்களைத் தோற்ற அணி அன்றைக்கு வேறு எதுவும் இல்லை. 2026 ஜனவரி 19 அன்று அதே அணி மயாமியை 27-21 என வீழ்த்தித் தேசியச் சாம்பியன் ஆனது. ஆடிய 16 ஆட்டங்களிலும் வெற்றி. அதே சீசனை நாட்டின் நான்காவது அணி என்ற மதிப்பீட்டோடு தொடங்கிய கிளெம்சன், ஏழு வெற்றி, ஆறு தோல்வியோடு முடித்துக்கொண்டது.

இரண்டு அணிகளும் எதிரெதிர் வழியில் நடப்பவை. கிளெம்சனில் பயிற்சியாளர் டாபோ ஸ்வின்னி உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சேர்த்து, இரண்டு மூன்று ஆண்டுகள் வளர்த்துக் களமிறக்குகிறார். இந்தியானாவில் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி வேறு கல்லூரிகளில் ஏற்கெனவே விளையாடித் தேறியவர்களை வரவழைக்கிறார். நாற்றங்காலிலிருந்து பயிர் செய்வதற்கும், அடுத்த வயலில் முளைத்து நிமிர்ந்ததைப் பெயர்த்து நடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

வளர்க்கும் வழியை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. 2015 முதல் 2020 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து, தேசியச் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் சுற்றுக்குப் போன அணி கிளெம்சன். 2016 சீசனில் அலபாமாவை 35-31 என வென்றது. 2018 சீசனில் அதே அலபாமாவை 44-16 என நசுக்கி, 15 ஆட்டங்களையும் வென்று முடித்தது. அந்த இரண்டு பட்டங்களையும் பெற்றுத் தந்த குவார்ட்டர்பேக்குகள் (தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்கள்) டெஷான் வாட்சன், டிரெவர் லாரன்ஸ் இருவருமே பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள்.

ஆனால் அந்த வழி பலித்தது ஒரு வேலிக்குள். அன்று கல்லூரி மாறும் ஆட்டக்காரர் ஓர் ஆண்டு விளையாடாமல் காத்திருக்க வேண்டும். அதனால் இரண்டாம் வரிசைப் பையன் பொறுமையாக உட்கார்ந்திருந்தான். எதிரணியும் தன் ஓட்டையைத் தானே வளர்த்து அடைக்க வேண்டியிருந்தது. 2021-இல் அந்த வேலி விழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் விற்றுச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025-இலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டின் உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு, எல்லா விளையாட்டுகளும் சேர்த்து, 2.05 கோடி டாலர். ஸ்வின்னி மட்டும் பழைய வேலி நிற்பதாகவே பாவித்தார். 2024 சீசனுக்கு வெளியிலிருந்து ஒருவரைக்கூட அவர் எடுக்கவில்லை. அந்த ஆண்டு தாங்கள் ஆடும் கல்லூரிக் குழுவின், அதாவது லீக்கின், பட்டத்தை வென்றார்கள் என்பதும் உண்மை. பிளே-ஆஃப் முதல் சுற்றிலேயே டெக்சஸிடம் 38-24 எனத் தோற்றார்கள் என்பதும் உண்மை. முக்கிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலோர் திரும்பி வந்த 2025-இல் முதல் நான்கு ஆட்டங்களில் மூன்று தோல்வி. பழகிய அணி என்பது மட்டும் போதவில்லை.

அப்படியானால் ஆட்களை வாரிக்கொண்டு வந்தால் போதுமா? கொலராடோவைப் பாருங்கள். 2022-இல் ஒரே ஒரு வெற்றி பெற்ற அந்த அணிக்கு டியான் சாண்டர்ஸ் பயிற்சியாளராக வந்து, 80-க்கும் மேற்பட்ட புதியவர்களை ஒரே மூச்சில் இறக்கினார். 2023-இல் நான்கு வெற்றி, 2024-இல் ஒன்பது. அவருடைய மகன் ஷெடூரும், ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வென்ற டிராவிஸ் ஹன்டரும் போன பிறகு, 2025-இல் மூன்று. இருவர் தோளில் நின்ற கூரை, அவர்கள் நகர்ந்ததும் சரிந்தது.

சிக்னெட்டியும் அதே சந்தையில்தான் வாங்கினார். என்ன வாங்கினார் என்பதில்தான் வித்தியாசம். ஜேம்ஸ் மேடிசன் கல்லூரியில் தன்னிடமே ஆடிய 13 பேரை அழைத்து வந்தார். அவர்களுக்கு அவருடைய பயிற்சிமுறையும் கோபமும் முன்பே தெரியும். வந்த இடத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் முடியும். மற்றவர்களைத் தேர்ந்தெடுக்கும்போதும், ஒருவன் நாளை என்ன ஆவான் என்ற கனவை விட, நேற்று களத்தில் என்ன செய்தான் என்ற பதிவையே பார்த்தார். அலபாமாவில் பயிற்சியாளர் நிக் சேபனிடம் ஆட்சேர்ப்புப் பொறுப்பில் இருந்த கண் அது. கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து வந்த ஃபெர்னாண்டோ மெண்டோசா இந்தியானாவுக்கு முதல் ஹைஸ்மன் விருதையே வாங்கிக்கொடுத்தார். "நான் ஜெயிப்பவன், கூகுளில் தேடிப் பாருங்கள்" என்று சிக்னெட்டி வந்த புதிதில் சொன்னபோது பலர் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

முன்னேற்றத்தை வெற்றி எண்ணிக்கையால் மட்டும் அளக்கக் கூடாது என்பதற்கும் இந்தியானாவே சாட்சி. 2024-இல் 11 வெற்றி பெற்றும், எளிய எதிரிகளை அடித்த கணக்கு என்று பேசினார்கள். ஓஹையோ ஸ்டேட்டிடம் 38-15, நாட்டர் டேமிடம் 27-17 என்று தோற்றபோது அந்தப் பேச்சு பலப்பட்டது. மறு ஆண்டு லீக் இறுதியாட்டத்தில் அதே ஓஹையோ ஸ்டேட்டை 13-10 என வென்றார்கள். பிறகு பிளே-ஆஃப் காலிறுதியான ரோஸ் பௌலில் அலபாமா 38-3 எனச் சுருண்டது. எனக்கு 11-ஐ விட அந்த 13-10 பெரிது.

ஆகவே நலிந்த அணி ஒன்றின் பயிற்சியாளர் எந்த வழியில் போகலாம் என்று கேட்டால், தயங்காமல் இந்தியானாவின் வழி என்பேன். வளர்ப்பது இப்போது பணக்காரர் வழி. வளர்த்தவனைத் தக்கவைக்க ஆண்டுதோறும் பணம் வேண்டும். ஆனால் இதனால் களம் சமமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். தொழில்முறை லீக்கில் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும்போது கடைசி இடத்து அணிக்கு முதல் தேர்வு கிடைக்கும். இங்கே அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. இந்தியானாவும் பெரிய லீக்கின் தொலைக்காட்சிப் பணம் பாயும் கல்லூரிதான். ஏணியின் நடுப்படியில் இருந்தவர்கள் உச்சிக்கு ஏற வழி பிறந்திருக்கிறது, அவ்வளவே.

கீழ்ப்படியில் இருப்பது ஜேம்ஸ் மேடிசன். பயிற்சியாளரையும் 13 பேரையும் பறிகொடுத்த அந்தக் கல்லூரி இரண்டே ஆண்டில் எழுந்து நின்று, 12 அணிகள் ஆடும் 2025 பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. முதல் சுற்றில் ஓரிகனிடம் 51-34 எனத் தோற்றது. அந்த ஆட்டம் நடப்பதற்கு முன்பே அதன் புதிய பயிற்சியாளர் பாப் செஸ்னி பெரிய லீக்கைச் சேர்ந்த யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குப் போவது முடிவாகியிருந்தது.