சுவரில் தொங்கும் நேபாளம்: ஒரு புடைப்பு வரைபடம்

பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் 45 ரிங்கிட்டுக்கு வாங்கிய நேபாளப் புடைப்பு வரைபடம் ஒரு மாதமாக எங்கள் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. தென்கிழக்கே, 100 மீட்டர் உயரத்தைக்கூட எட்டாத தராய்ச் சமவெளியில் வைத்த விரல், ஒரு சாண் நகர்வதற்குள் 8,848.86 மீட்டர் எவரெஸ்ட் முகட்டில் முட்டி நிற்கிறது. அன்னபூர்ணாவுக்கும் தௌளகிரிக்கும் இடையே காளி கண்டகி ஆறு அறுத்த பள்ளத்தையும் அதன் இருபுறச் சுவர்களையும் தடவிப் பார்த்த என் மகளுக்கு, பருவமழை மேகங்கள் தெற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால்தான் வடக்கே முஸ்தாங் வறண்டு கிடக்கிறது என்பது பாடநூலின்றியே விளங்கிவிட்டது.

விலங்குப் படங்கள்தான் ஏமாற்றம். நேபாளத்தின் சித்வான் தேசியப் பூங்காவில் வாழும் ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகத்துக்கு இரண்டு கொம்புகள் வரைந்திருக்கிறார்கள். அவை 2019இல் மலேசியாவில் அற்றுப்போன நம் சுமத்ரா காண்டாமிருகத்துக்கு உரியவை. கோலாலம்பூர்ப் புழுக்கத்தில் கீழ்மூலையும் பசைவிட்டு எழும்பத் தொடங்கியிருப்பதால், சட்டம் போட்டு மாட்டுவதே நல்லது.