வண்டி ரேடியோ செட்டை சர்வீஸுக்குக் குடுக்கறீங்களா? பிஎம் காப்பி எடுத்துட்டுக் குடுங்க

வண்டில மொபைல் செட், அதாவது பேசற ரேடியோ செட், போட்டிருக்கிற ஹாம் (லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா ரேடியோல பேசற) ஆளுங்க இத ஒரு தடவ படிச்சிட்டுப் போங்க. என் செட்ல ப்ரோகிராமபிள் மெமரி, அதான் பிஎம், 5 இடம் இருக்கு. சாதாரண மெமரி சேனல்ல ஃப்ரீக்வன்சி, ஷிஃப்ட், டோன் மாதிரி கொஞ்சம் விஷயம்தான் நிக்கும், பிஎம்ல அப்படி இல்ல, ரெண்டு பேண்டும் எங்க நிக்குது, பவர் எவ்ளோ, டிஸ்ப்ளே வெளிச்சம், பீப், மைக் பட்டன் எது என்ன செய்யணும், மொத்த செட்டும் அப்படியே உள்ள போய் உக்காந்துக்கும். ராத்திரி ஓட்டறப்போ பிஎம் 2 போட்டா வெளிச்சம் மங்கி பீப் அடங்கிடும். பல மாசம் நோண்டி நோண்டி செஞ்சு வச்சது.

மைக்ல பிடிடி, அதான் பேசறப்போ அமுக்கற பட்டன், ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. மைக்க மட்டும் குடுத்திருந்தா போதும், நான் பெரிய புத்திசாலி, செட்டையும் சேத்துக் குடுத்தேன். செட்டிங்ல கை வைக்காதீங்கன்னு சொன்னதுக்கு சர்வீஸ் கடைக்காரர் "கவலையே படாதீங்க சார்"னாரு.

வாங்கிட்டு வந்து ராத்திரி பிஎம் 2 போட்டா டிஸ்ப்ளே கண்ண குத்துது. அஞ்சும் கம்பெனில இருந்து வந்த மாதிரி வெறுமையா கெடக்கு. கேட்டா "செக் பண்றப்போ ஃபுல் ரீசெட் போடறது வழக்கம் சார், சேனல் எல்லாம் திரும்ப ஏத்திட்டோமே"ன்னு பதில், அதுக்கு பில்லுல ப்ரோகிராமிங்னு தனியா ஒரு லைன் வேற. ஏத்தினது யாரோட சேனல் தெரியுமா, வேற எவரோ கஸ்டமரோடது! ரிப்பீட்டருக்கு (நம்ம சிக்னல வாங்கி தூரத்துக்குத் திரும்ப அனுப்பற நிலையம்) 88.5 ஹெர்ட்ஸ் டோன் கூடவே போனாதான் அது தொறக்கும், இதுல டோனே இல்ல, ரெண்டு நாள் கூப்பிட்டுப் பாத்துட்டு ரிப்பீட்டர்தான் படுத்துடுச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன். இன்னும் கொடுமை, லிஸ்ட்ல ஹாம் பேண்டுக்கு வெளிய ஒரு சேனல், தெரியாம அதுல பிடிடி அமுக்கியிருந்தா லைசென்ஸுக்கே வேட்டு.

ஃபுல் ரீசெட் இல்லாம விஎஃப்ஓ (டயல் திருப்பி ஃப்ரீக்வன்சி வைக்கிறது) ரீசெட், பிஎம் ரீசெட்னு தனித்தனியா இருக்கு, பிடிடி சுவிட்சுக்கு அதுல ஒண்ணுமே தேவையில்ல. அதனால குடுக்கறதுக்கு முன்னாடி கேபிள் போட்டு கம்ப்யூட்டர்ல எடுத்துக்கோங்க, ஆனா சில சாஃப்ட்வேர் சேனல மட்டும்தான் எடுக்கும், பிஎம்மும் வந்திருக்கான்னு திறந்து பாருங்க. கேபிள் இல்லயா, மெனுவ ஒவ்வொண்ணா போட்டோ எடுங்க. ஆட்டோ பிஎம் ஆன்ல இருந்தா நீங்க மாத்தறதெல்லாம் அதுவே பழைய பிஎம் மேல எழுதிடும், அதுல ஒரு தடவ நானே தொலைச்சிருக்கேன், அத யார் மேலயும் போட முடியாது.

கடைசியா சண்ட போட்டதுக்கு "உங்க ஃபைல அனுப்புங்க சார், ஃப்ரீயா ஏத்தித் தரோம்"ங்கறாரு. ஃபைலு என்கிட்ட எங்க இருக்கு, இருந்ததே அந்த செட்ல மட்டும்தான். ஞாபகத்துல இருந்து இப்போதைக்கு ரெண்டு பிஎம் தேத்தியிருக்கேன். பிடிடி இன்னும் ஒட்டுது.