நியூ நேச்சுரலிஸ்ட் வரிசை: மதுரை அலமாரிக்கு எவை, எப்படி

பட்டாம்பூச்சிக்குப் பெயர் கண்டுபிடிக்க வேண்டும் என்று நியூ நேச்சுரலிஸ்ட் நூலை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது இது. லண்டனில் காலின்ஸ் பதிப்பகம் 1945இல் தொடங்கிய வரிசை, இன்று ஹார்ப்பர்காலின்ஸ் பெயரில் தொடர்கிறது. 140 நூல்களைத் தாண்டிவிட்டது. ஒன்றுகூட இனங்காணும் கையேடு அல்ல. சிலந்தி, மண், கடற்கரை, உயிர்வேலி என்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது எப்படி வாழ்கிறது, அதை எப்படிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள் என்று முந்நூறு நானூறு பக்கம் சொல்லும். எழுதியவர்கள் அந்தந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தவர்கள். படிக்கப்போவது ஆராய்ச்சியாளர் இல்லை என்பதை மறக்காமல் எழுதியவர்கள்.

எல்லாமே பிரிட்டனின் உயிர்களைப் பற்றியவை. வைகைக்கரையில் இருப்பவருக்கு இதில் என்ன கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானது. முதல் எண் நூலை வைத்தே பதில் சொல்லலாம்.

அது பட்டாம்பூச்சிகளைப் பற்றி ஈ. பி. ஃபோர்டு எழுதியது. ஃபோர்டு ஆக்ஸ்ஃபோர்டில் மரபியல் ஆராய்ந்தவர். கிளவுடட் யெல்லோ என்ற மஞ்சள் பட்டாம்பூச்சியில் பெண்களில் ஒரு பங்கு மட்டும் வெளுத்துப் பிறக்கும். அந்த வெளுப்புக்கான மரபணு ஆணிடமும் உண்டு, ஆனால் ஆணில் அது வெளியே தெரியாது. பால் சார்ந்து வெளிப்படும் இந்த மரபை அவர் படிப்படியாக விளக்குகிறார். அதைப் படித்துவிட்டு நம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு வாருங்கள். அதில் முட்டையிடும் காமன் மார்மன் பட்டாம்பூச்சியில் ஆண் ஒரே விதம்தான்: கருப்புச் சிறகு, பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணோ மூன்று விதம். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று காமன் ரோஸ் என்ற பட்டாம்பூச்சியைப் போலவும், மற்றொன்று கிரிம்சன் ரோஸ் என்ற பட்டாம்பூச்சியைப் போலவும் வேஷம் போட்டிருக்கும். அசல் ரோஸ் இரண்டும் புழுப் பருவத்தில் ஆடுதின்னாப்பாளை வகைக் கொடியைத் தின்று உடம்பில் நஞ்சு ஏற்றிக்கொண்டவை. பறவைகள் அவற்றை ஒதுக்கும், அந்த வேஷத்தையும் சேர்த்தே ஒதுக்கும். உடலைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். உடல் சிவப்பாக இருந்தால் அசல், கருப்பாக இருந்தால் மார்மன். பெண் மட்டும் ஏன் இத்தனை உருவம் எடுக்கிறது என்று கேட்கத் தோன்றும்போது ஃபோர்டின் அத்தியாயம் கைகொடுக்கும். மார்மன் அவர் நூலின் பொருளே அல்ல, ஆனாலும் அதைப் புரிந்துகொள்ளும் வழி அங்கே இருக்கிறது.

ஆகவே தலைப்பை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. சொல்லப்படும் முறை இங்கே செல்லுபடியாகுமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முதலில் வாங்க வேண்டியது டபிள்யூ. எஸ். பிரிஸ்டோ எழுதிய சிலந்தி நூல், 1958. குடும்பம் குடும்பமாகச் சிலந்திகளின் வேட்டை, வலை, இணைசேரும் முன் ஆண் செய்யும் சைகைகள் எல்லாம் நேரில் பார்த்தும் சோதித்தும் எழுதப்பட்டவை. ஆர்தர் ஸ்மித்தின் கோட்டோவியங்களில் ஒவ்வொரு மயிரும் தெரியும். குடும்ப அளவில் அவர் சொல்வதில் பெரும்பகுதி இங்கும் பொருந்தும். குதிக்கும் சிலந்தி மதுரைச் சுவரிலும் அதே எட்டுக் கண்ணோடுதான் உட்கார்ந்திருக்கிறது. மேலூர்ப் பக்கம் முட்செடிகளில் அழுக்குத் துணி சிக்கியதுபோல் தொங்கும், கூட்டமாக வாழும் சிலந்திகளின் வலைகள் மட்டும் அவர் பார்த்த நாட்டில் கிடையாது. அதற்கு வேறு நூல் தேட வேண்டும்.

அடுத்து ஜான் பக்ஸ்டன் எழுதிய ரெட்ஸ்டார்ட் பறவை நூல், 1950. இது முதன்மை வரிசையில் வராது. 1948 முதல் 1971 வரை ஒரே இனத்தை அல்லது நெருங்கிய இனங்களை மட்டும் பேசும் 22 நூல்கள் தனி வரிசையாக வந்தன, அதில் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் கைதி முகாமில் பக்ஸ்டன் அடைபட்டிருந்தபோது, வேலிக்குள்ளிருந்தபடியே பார்த்துக் குறித்தவை அதன் அடிப்படை. ஒரு ஜோடியை விடியலிலிருந்து விடாமல் கவனிப்பது, எந்த நிமிடம் எது கூட்டுக்கு வந்தது என்று எழுதுவது, எண்ணுவது, அவ்வளவுதான் கருவி. வராந்தா ஒயரில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கும் வீட்டில் இந்த முறையை அப்படியே செய்யலாம். குறிப்பேட்டில் நான்கே பத்தி போதும்: நேரம், ஆணா பெண்ணா, என்ன கொண்டுவந்தது, எவ்வளவு நேரம் இருந்தது.

மண்ணைப் பற்றி சர் ஜான் ரஸ்ஸல் எழுதியது மூன்றாவது, 1957. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தை 1912 முதல் 1943 வரை நடத்தியவர். திருமங்கலத்துக் கரிசலைப் பற்றி அதில் தேடாதீர்கள். மண்புழு, பூஞ்சை, நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து மண்ணை எப்படி உண்டாக்குகின்றன என்பதைப் படியுங்கள். வயல் வைத்திருப்பவருக்கு ஃபோர்டைவிட இதுவே முதல் நூல்.

எச்சரிக்கையோடு படிக்க வேண்டியவை உண்டு. சி. எம். யாங் எழுதிய கடற்கரை நூல், 1949, மிக அழகானது. ஆனால் அதன் எலும்புக்கூடே ஏற்றவற்றம். நீர் பல மீட்டர் ஏறி இறங்கும் பிரிட்டன் பாறைகளில் உயரத்துக்கு ஓர் உயிர் என்று பட்டை பட்டையாக ஒட்டியிருக்கும். மண்டபம், பாம்பன் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. யாங் சொல்லும் பட்டைகளை அங்கே தேடினால் ஒரு முழ உயரத்துக்குள் எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கும், சில இருக்கவே இருக்காது. அவர் மேல் தப்பில்லை, கடல் வேறு.

மாக்கன், வொர்திங்டன் இருவரும் எழுதிய ஏரி ஆறு நூலும் அப்படித்தான், 1951. அவர்களுடைய ஏரி இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரி போல ஆழமானது. கோடையில் மேலே வெதுவெதுப்பான நீர், கீழே குளிர்ந்த நீர் என்று அடுக்காகப் பிரிந்து நிற்கும். வண்டியூர்க் கண்மாயோ சாமநத்தம் கண்மாயோ ஆழமில்லாதது, காற்றடித்தால் அடிவரை கலங்கும், மழை பொய்த்தால் தரை தெரியும். கண்மாய், ஊருணி பார்ப்பவர்கள் இதே வரிசையில் 2024இல் வந்த குளம் குட்டை நூலுக்குப் போவது நல்லது. வற்றும் குட்டை கெட்டுப்போன குட்டை இல்லை என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. காய்ந்த சேற்றில் முட்டையாகக் கிடந்து, மழை வந்ததும் பொரிந்து, நீர் வற்றுமுன் வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் இறால் வகை உயிர்களுக்கு வற்றுவதுதான் பாதுகாப்பு, ஏனென்றால் அங்கே மீன் நிலைக்காது. ஐப்பசி மழைக்குப் பின் பாறைக்குழிகளில் நாமும் தேடலாம்.

உயிர்வேலிகளைப் பற்றிய 1974ஆம் ஆண்டு நூலில் புகழ்பெற்ற கணக்கு ஒன்று வருகிறது: 30 கஜ நீளத்தில் எத்தனை வகை மரமும் புதரும் இருக்கின்றனவோ, வேலிக்கு ஏறத்தாழ அத்தனை நூற்றாண்டு வயது. இதை நம் கிளுவை வேலியில் போட்டுப் பார்க்காதீர்கள். கிளுவையைக் குச்சி வெட்டி ஒரே நாளில் ஊன்றுகிறோம், ஆண்டுக்கு ஆண்டு கழித்துவிடுகிறோம். இரண்டும் வேறு வரலாறு. ஆனால் அந்தக் கணக்கை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது படிக்க வேண்டிய பகுதி: ஆவணங்களால் வயது தெரிந்த வேலிகளை எடுத்து, வகைகளை எண்ணி, ஒப்பிட்டிருக்கிறார்கள்.

ஸ்னோடோனியா, டார்ட்மூர் என்று ஓர் இடத்தை மட்டும் பேசும் நூல்களை இங்கிருந்து வாங்கத் தேவையில்லை, மாதிரிக்கு ஒன்றைத் தவிர. டார்ட்மூர் நூல், 1953, பாறையில் தொடங்கி மண், நீர், செடி, விலங்கு, மனிதன் என்று ஏறுகிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்கு இப்படி ஒரு நூல் வந்தாக வேண்டும். 193.42 ஹெக்டேரில் குன்றுகளும் சுனைகளும் வல்லூறுகளும் குடைவரைக் கோயிலும் சமணர் படுகையும் சேர்ந்து கிடக்கின்றன. எழுதத் துணிபவர் முதலில் டார்ட்மூர் நூலின் பொருளடக்கப் பக்கத்தையாவது பார்த்துவிட வேண்டும்.

இனி வாங்கும் வழி. புது நூல் கெட்டி அட்டையில் 65 பவுண்டு, மெல்லட்டையில் 35 பவுண்டு என்ற அளவில் விலை வைக்கிறார்கள். படிக்கத்தான் என்றால் மின்னூலே போதும். கேட்கும்போது அச்சடித்துக் கொடுக்கும் மறுபதிப்புகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எழுத்து படிக்கும்படி இருக்கும், படங்கள் கரி பூசியதுபோல் இருக்கும். ஃபோன்டானா என்ற பெயரில் வந்த பழைய மெல்லட்டைப் பதிப்புகள் மலிவு, ஆனால் படங்கள் குறைவு, தாள் பழுத்திருக்கும், முதுகுப் பசை காய்ந்து விரித்தவுடன் இரண்டாகப் பிளக்கும். விரல் வைத்து மெல்லத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

சேகரிப்பவருக்குக் கணக்கு வேறு. அங்கே நூலைவிட மேலுறைக்குத்தான் விலை. கணவன் மனைவியான கிளிஃபர்ட், ரோஸ்மேரி எல்லிஸ் 1945இலிருந்து 40 ஆண்டு வரைந்தார்கள். 1985இல் கிளிஃபர்ட் இறந்தபின் ராபர்ட் கில்மோர் வந்தார், அவர் 2022இல் காலமானார். இப்போது கேரி அக்ராய்ட். எல்லிஸ் உறைகளில் ஓவியம் முதுகைச் சுற்றி ஓடும், அதனால் முதுகு வெளுத்த உறையில் பாதி ஓவியம் போய்விட்டது என்று பொருள். 1980களின் நடுவில் வந்த ஆர்க்னி, பிரிட்டிஷ் வார்ப்ளர்ஸ் போன்ற நூல்களின் கெட்டி அட்டைப் பிரதிகள் குறைவாகவே அச்சானவை. விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. படிக்க அவற்றின் மெல்லட்டையே போதும்.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் ஐந்து படம் கேளுங்கள்: முதுகு, உறையின் உள்மடிப்பு, பதிப்புரிமைப் பக்கம், மேல்விளிம்பு, ஏதாவது ஒரு வண்ணப் படப் பக்கம். உள்மடிப்பின் மூலையில் விலை இருக்க வேண்டும், வெட்டப்பட்டிருந்தால் மதிப்பு குறையும். விலையே அச்சாகாமல், உறுப்பினர்களுக்கு நூல் விற்கும் புத்தகச் சங்கத்தின் பெயர் இருந்தால் அது சங்கப் பதிப்பு. பதிப்புரிமைப் பக்கத்தில் முதல் வெளியீட்டு ஆண்டுக்குக் கீழே மறு அச்சுப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். படிப்பவருக்கு முதல் பதிப்பைவிடத் திருத்திய பதிப்பே நல்லது, விலையும் பாதிக்குப் பாதி. வண்ணப் படங்கள் தனித் தாளில் அச்சாகி இடையில் செருகப்பட்டவை. சட்டம் போடுவதற்காக வெட்டி எடுத்துவிடுகிறவர்கள் உண்டு, முன்பக்கத்துப் படப் பட்டியலோடு எண்ணிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரு நூல் உறையோடு ஒரு கிலோவை நெருங்கும், தபால் செலவு பல நேரம் நூலின் விலையைத் தாண்டும், எனவே மூன்று நான்காகச் சேர்த்து வரவழையுங்கள். இறக்குமதி நூல்களுக்கு 2019 பட்ஜெட்டில் 5 சதவீதச் சுங்க வரி வந்ததையும் கணக்கில் வையுங்கள்.

வந்து சேர்ந்தபின் அந்த நூலுக்கு எதிரி மதுரை வெயிலும் ஐப்பசி ஈரமும்தான். மேற்குப் பார்த்த சன்னலுக்கு எதிரே அலமாரி வேண்டாம், இரண்டு கோடையில் முதுகு வெளுத்துவிடும். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், கரையான் ஏறினால் மண்கோடு கண்ணில் படும். மேலுறைக்குப் பள்ளி நோட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் கவர் போடாதீர்கள். அது பிவிசி, வெயிலில் இளகி மையை உரித்துக்கொள்ளும். பாலியஸ்டர் தாள் வாங்குங்கள், 50 முதல் 75 மைக்ரான் வரை தடிமன். பழைய நூல்களின் உயரம் ஏறத்தாழ 22 செ.மீ. உறையை முழுக்க விரித்து அளந்து, நீளத்தில் 4 செ.மீ., உயரத்தில் 6 செ.மீ. கூட்டி வெட்டுங்கள். மேலும் கீழும் 3 செ.மீ. மடித்து, அந்த மடிப்புக்குள் உறையைச் செருகுங்கள். ஏ3 தாள் நீளம் பற்றாது, சுருளாக வாங்க வேண்டும். ஒட்டு நாடா எங்கேயும் படக் கூடாது. உறை கிழிந்திருந்தாலும் அப்படியே செருகிவிடுங்கள், தாளே பிடித்துக்கொள்ளும்.

இராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைக்கலாம். அந்துருண்டையைத் தாளோடு ஒட்டி வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை எடுத்துத் தட்டித் துடைப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை.

தண்ணீர் பட்டுவிட்டால் முதலில் காப்பாற்ற வேண்டியது வண்ணப் படத் தாள்கள். அவற்றின் வழவழப்பு களிமண் பூச்சால் வருவது, ஈரத்தோடு மூடிக் காய்ந்தால் பாளமாக ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் படம் உரிந்துவரும். நனைந்த உடனே ஒவ்வொரு படத்துக்கும் நடுவே மெழுகுத்தாள் செருகி, நூலை நிமிர்த்தி விரித்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் அட்டை வில்லாக வளையும். அன்றைக்கே செய்ய முடியாவிட்டால் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிட்டு, நேரம் கிடைக்கும்போது எடுத்துப் பிரிக்கலாம்.