ஃபெரோஃப்ளூயிடா, எம்ஆர் திரவமா: காந்தம் வைத்தால் உள்ளே நடப்பது என்ன?

ஃபெரோஃப்ளூயிட், அதாவது மிக நுண்ணிய காந்தத் துகள்கள் மிதக்கும் திரவத்தின் வீடியோக்களில் கிளம்பும் கூரான முட்களைப் பார்த்தால், ஒவ்வொரு முள்ளும் துகள்கள் வரிசைகட்டி எழுப்பிய தூண் என்றுதான் தோன்றும். அப்படியில்லை. காந்தவிசை திரவப் பரப்பை மேலே இழுக்கிறது. புவியீர்ப்பும் பரப்பு இழுவிசையும் அதைத் தட்டையாக வைக்கப் பார்க்கின்றன. காந்தப்புலம் ஓர் அளவைத் தாண்டினால் பரப்பு முட்களாகப் பிரிகிறது. முள்ளுக்குள் இருப்பது அப்போதும் ஓடும் திரவம்தான்.

துகள்கள் நிஜமாகவே அணிவகுப்பதைப் பார்க்க எம்ஆர் (மேக்னட்டோரியாலஜிக்கல்) திரவம், அதாவது காந்தப்புலத்தில் கெட்டிப்படும் இரும்புத்தூள் திரவம்தான் சரி. வயதிலும் அதுவே மூத்தது: 1940களின் இறுதியில் அமெரிக்காவில் ஜேக்கப் ராபினோ உருவாக்கியது. ஃபெரோஃப்ளூயிட் 1960களில் நாசாவில் பிறந்தது. எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்கலாமா என்று ஸ்டீவ் பேப்பெல் யோசித்ததன் விளைவு.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது துகளின் அளவு. ஃபெரோஃப்ளூயிடில் சுமார் 10 நானோமீட்டர் மேக்னடைட் (ஒரு வகை இரும்பு ஆக்சைடு) துகள்கள். ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க ஒலியிக் அமிலம் போன்ற பூச்சு. எம்ஆரில் சில மைக்ரான் இரும்புத்தூள். தொட்டு நிற்கும் இரண்டு துகள்களின் காந்த ஈர்ப்பு ஆற்றல், ஒரே பொருள், ஒரே காந்தமாக்கம் என்றால், விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். விட்டம் 100 மடங்கானால் ஆற்றல் 10 லட்சம் மடங்கு! வெப்ப அசைவின் ஆற்றலோ இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் நானோ துகளின் காந்தத் திசை புலத்தின் பக்கம் திரும்பினாலும், வரிசையில் நிற்க வெப்பம் விடுவதில்லை. இரும்புத்தூளை வெப்பத்தால் அசைக்க முடியாது. சில மில்லிவினாடிகளில் சங்கிலிகள் கோத்துத் திரவம் கெட்டியான வெண்ணெய் போலாகிவிடும். புலத்தை எடுத்தால் மறுபடி ஓடும்.

நானோ துகள்கள் சங்கிலியே கட்டாது என்றும் சொல்லிவிட முடியாது. துகள் கொஞ்சம் பெரிதாகவோ செறிவு கூடுதலாகவோ இருந்தால் கட்டும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் செய்த சோதனைகளில், வெப்பம் பாயும் திசையிலேயே புலம் கொடுத்தபோது இந்தச் சங்கிலிகளால் திரவத்தின் வெப்பக் கடத்துதிறன் பெரிதும் உயர்ந்தது.

அப்புறம், எதை எங்கே வைப்பது? ஸ்பீக்கர் காயிலைக் குளிர்விக்க, சுழலும் தண்டைச் சுற்றி வெற்றிடம் கசியாமல் அடைக்க ஃபெரோஃப்ளூயிட். அங்கே திரவம் கெட்டிப்பட்டால் வேலை கெடும். காரின் ஷாக் அப்சார்பருக்கு எம்ஆர். 2002 முதல் காடிலாக் கார்களில் வந்துவிட்டது. அதன் தலைவலி, இரும்பு அடியில் படிவது. கொஞ்சம் நானோ துகள் கலந்தால் படிவது குறைகிறது. அளவுக்கு மீறினால் கெட்டிப்படும் வலுவும் சேர்ந்தே குறைகிறது.